முந்திரி கேஸ்

பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால் அப்பா இறந்த சேதியைக் கார்த்திகேசன் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. தீப்பொறிக்கு நடுவே முதல் முறை சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது முறை அடிவயிற்றிலிருந்து, "அப்பா செத்துட்டாரு மாமா!" என்று கத்தியபோது சரியாக மெஷின் நின்றுவிட்டது. அரியர் எல்லாம் க்ளியர் ஆனவன் கூவுவது மாதிரி இருந்தது. எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கொளஞ்சியப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அக்கா மகனை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார்.

"தெரியும். காலையிலயே வாட்சப்புல வந்துடுச்சி. அறிவுலகத்துக்கு ஈடு செய்ய முடியாத இழப்புன்னு எவனோ போட்டிருந்தான். போட்டோவுல கறுப்பு கவுன் போட்டிருந்தாரு."

"அம்மா நேர்ல போய்ச் சொல்லச் சொன்னாங்க."

"சொல்லிட்டல்ல? கெளம்பு."

கண்ணாடியைத் திரும்ப இறக்கிக்கொண்டார். தீப்பொறி பறந்தது.

கார்த்திகேசன் கிளம்பவில்லை. கிளம்ப முடியாது. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைச் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியதும் அம்மா அழவில்லை. அவனைக் கூப்பிட்டு, "கடலூருக்குப் போயி கொளஞ்சிய கூட்டிக்கிட்டு வா. போன்ல சொல்லாத. பொறந்த வூட்டுக்கு நேர்ல போய்த்தான் சொல்லணும்" என்றாள். புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வரவேண்டும். உடன்பிறந்தவன் தன் கையால் அதை அவள்மேல் போர்த்த வேண்டும். அந்தக் கோடி விழாமல் பாடை நகராது. அம்மா அமிர்தத்துக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது இந்தக் கொளஞ்சியப்பன் ஒருவர்தான். அவர் அக்கா வீட்டு வாசலை மிதித்து, அவளோடு ஒரு வார்த்தை பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

காரியங்களை எடுத்துச் செய்துகொண்டிருந்த பெரியப்பா அய்யனார் ஒரு மாற்று யோசனை சொன்னார். சேத்தியாத்தோப்பில் அமிர்தத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருக்கிறான், போன் போட்டால் ஒரு மணி நேரத்தில் சேலையோடு நிற்பான். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொளஞ்சி வராம எடுக்க வுடமாட்டேன்."

"இருட்டுறதுக்குள்ள எடுக்கணும்மா."

"அப்போ இருட்டட்டும்."

இப்படித்தான் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கடலூர் முதுநகருக்கு வந்து இந்தப் பட்டறை வாசலில் நிற்கிறான்.

அப்பா, பேராசிரியர் கலைமணி, சட்டம் கற்பித்தவர். சொத்துரிமையும் காப்புரிமையும் அவருடைய பாடங்கள். நிலம், வீடு, வரப்பு, வழிப்பாதை என்று கையால் தொடக்கூடிய சொத்துக்களைக் காலையிலும், யோசனை, சூத்திரம், கண்டுபிடிப்பு என்று தொட முடியாத சொத்துக்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் நடத்துவார். உயில்களைப் பற்றி மட்டும் இரண்டு புத்தகம் எழுதியிருக்கிறார். உயில் எழுதவில்லை. எந்தத் தாளையும் அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்பதைக் கல்லூரியில் பெருமையாகச் சொல்வார்கள். அன்று காலையும் போடவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரியின் சம்மதப் படிவத்தை முழுக்க வாசித்தார். 'மற்றும் இன்ன பிற' என்று ஓரிடத்தில் வந்தது. இன்ன பிற என்றால் என்னென்ன என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு, "சார், மொதல்ல சைன் பண்ணுங்க சார்" என்றார். அப்பா பேனாவைத் திறந்து அந்த மூன்று சொல்லையும் அடித்தார். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டார். கீழே முழுக் கையெழுத்துப் போடுவதற்குள் பேனா கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட்டது.

கொளஞ்சியப்பன் அந்த மாதிரி ஆள் இல்லை. படிக்காமலே கையெழுத்துப் போடுவார். பேசாமல் இருக்கத் தெரியாது. கரன்ட் இல்லாமல் ஓடும் ஃபேன் என்று ஒன்றைச் செய்து அது கழன்று தன் கல்யாணப் பந்தலிலேயே விழுந்ததை இன்றைக்கும் வெற்றியாகத்தான் சொல்வார். ஆனால் அவர் செய்த முந்திரி உடைக்கும் மெஷின் நிஜமாகவே நல்ல மெஷின். முந்திரிக் கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் உண்டு. பட்டால் தோல் வெந்துவிடும். உடைக்கிற பெண்களின் விரல்கள் கறுத்து உரிந்துகொண்டே இருக்கும். கொளஞ்சியப்பனின் மெஷினில் கத்திக்குக் கீழே ஒரு சின்னத் தகட்டு வாய்க்கால் இருந்தது. ஓடு பிளந்ததும் எண்ணெய் தனியாக வழிந்துபோகும், பருப்பு தனியாக விழும், விரலில் படாது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. அதற்கு முன்னால் அது யாருக்கும் தோன்றவில்லை.

"மாமா, இத பேட்டன்ட் பண்ணலாமா?" என்று அக்கா புருஷனிடம் கேட்டார். பண்ணலாமாவா? காப்புரிமைப் பேராசிரியரின் வீட்டுக்குள்ளேயே ஒரு கண்டுபிடிப்பு! அப்பா அன்று இரண்டு தடவை காபி குடித்தார். வெளியில் வக்கீல் தேவையில்லை, விண்ணப்பத்தை நானே எழுதுகிறேன் என்றார்.

எழுதவும் செய்தார். விண்ணப்பத்தில் முதல் வாக்கியம் முக்கியம். என்ன உரிமை கேட்கிறோம் என்பதை அதுதான் சொல்லும். கைப்பிடியை 'லீவர்' என்று எழுதுவதா, இயக்கும் சாதனம் எதுவானாலும் அடங்கும்படி 'ஆக்சுவேட்டிங் மீன்ஸ்' என்று எழுதுவதா என்பதில் அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. லீவர் என்று எழுதினால் லீவருக்கு மட்டும்தான் உரிமை கிடைக்கும், நாளைக்கு ஒருத்தன் பெடல் வைத்தால் தப்பித்துவிடுவான். வாக்கியத்தை அகலப்படுத்தினார். அகலப்படுத்தினால் ஏற்கெனவே இருக்கிற எதன்மேலாவது போய் இடித்தது. குறுக்கினார். மைத்துனர் வந்து கேட்கும்போதெல்லாம், "மச்சான், அவசரப்படாத. ஒரு கமா தப்பா போனா மொத்தமும் போயிடும்" என்பார்.

இதற்கு நடுவில் அவருக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. அதற்குக் கட்டுரைகள் தேவைப்பட்டன. கிராமப்புறக் கண்டுபிடிப்பாளர்கள் விண்ணப்பிக்கும் முன் ரகசியம் காக்க வேண்டியதன் அவசியம் பற்றி ஒரு கருத்தரங்கில் அருமையான கட்டுரை வாசித்தார். உதாரணமாக முந்திரி மெஷினை எடுத்துக்கொண்டார். வாய்க்கால் தகட்டின் சாய்வு உட்பட முழுப் படத்தோடு அது கல்லூரி ஆய்விதழில் வெளிவந்தது. அறிஞர் சபையில் வாசித்த கட்டுரைக்குச் சட்டமே ஒரு வருஷம் அவகாசம் தருகிறது, அதற்குள் விண்ணப்பித்தால் குற்றமில்லை என்று அப்பாவுக்குத் தெரியும். அந்தப் பிரிவை வருஷா வருஷம் நடத்துகிறவர் அவர். ஆனால் அந்த வருஷம் முடியும்போதும் லீவரா மீன்ஸா என்பது முடிவாகவில்லை.

ஒரு வழியாக விண்ணப்பம் போனபோது, மேற்கே ஒரு கம்பெனி அதே வாய்க்காலோடு நீல பெயின்ட் அடித்த மெஷினை விற்றுக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் ஆட்சேபணை போட்டார்கள். கண்டுபிடிப்பு ஏற்கெனவே ஊரறிய வெளியானது என்பதற்கு ஒரே ஓர் ஆதாரம் காட்டினார்கள். அது அப்பாவின் கட்டுரை. விண்ணப்பம் தள்ளுபடியானது. அப்பாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அதோடு கொளஞ்சியப்பன் வருவதை நிறுத்தினார். அம்மாவும் பேசவில்லை. அப்பா மட்டும், "நான் யாரையும் பேசக் கூடாதுன்னு சொல்லலையே. தடை எதுவும் இல்ல" என்பார். சட்டப்படி அது உண்மை.

கிரைண்டர் நின்றது.

"இன்னும் நிக்கிறியா?"

"நீங்க வராம அம்மா எடுக்க வுடமாட்டேங்கறாங்க மாமா."

"அதுக்கு?" கொளஞ்சியப்பன் எதிரே கிடந்த மெஷினைக் காலால் தட்டினார். நீல பெயின்ட். கத்தியைக் கழற்றி வைத்திருந்தார். "இது என்னா தெரியுதா மாப்ள? எம் மெஷின். கம்பெனிக்காரன் பேரு போட்டிருக்கான். மாசத்துக்கு நாலு வருது ரிப்பேருக்கு. என் தகட்ட என்கிட்டயே கொண்டாந்து, கம்பெனி ஐட்டம் சார், ஜாக்கிரதயா கழட்டுங்கங்கறான். கழட்டறேன். ஜாக்கிரதயா கழட்டறேன்."

"மாமா, அம்மாவுக்காக..."

"இரு. ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லு." எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். "இத்தினி வருசத்துல ஒரு தடவயாச்சும், தப்பு நம்ம மேலதான்னு உங்கப்பன் வாயில வந்துச்சா?"

வரவில்லை. வீட்டில் அந்தப் பேச்சு வந்தால், "ப்ரொசீஜர்ல ஒரு தாமதம்" என்பார் அப்பா. மழை பெய்தது என்று சொல்கிற குரலில் சொல்வார். அதை அப்படியே சொன்னால் மாமா கண்ணாடியை இறக்கிக்கொள்வார் என்று கார்த்திகேசனுக்குத் தெரிந்தது. அங்கே அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாள்.

"வந்துச்சி மாமா. ஆஸ்பத்திரியில."

"என்னான்னு?"

"கொளஞ்சிக்கு நான் அநியாயம் பண்ணிட்டேன்னு."

கொளஞ்சியப்பன் அவன் முகத்தையே பார்த்தார். "அநியாயம்னா சொன்னாரு?"

"ஆமா."

"உங்கப்பன் அந்த வார்த்தைய சொல்லமாட்டாரே. அது சட்டத்துல இல்லாத வார்த்தன்னு பந்தல்காரன்கிட்டயே சண்ட போட்டவரு."

"கடைசி நேரம் மாமா. வலி ஜாஸ்தி."

"ஓ."

கொஞ்ச நேரம் அந்த நீல மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்ணெண்ணெயில் கையைக் கழுவினார், சோப்புத் தூளில் இன்னொரு தடவை கழுவினார். "வலியில சொல்லியிருப்பாரு" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு ஷட்டரை இறக்கினார்.

பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் நிறுத்தச் சொன்னார். கடைக்காரர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "துக்கத்துக்கா சார்?" என்று வெள்ளையும் சந்தனமுமாக நான்கு சேலையை எடுத்துப் போட்டார்.

"எங்க அக்காவுக்கு" என்றார் கொளஞ்சியப்பன். "அந்த அரக்குக் கலர எடு."

"கோடின்னா இந்த மாதிரி லைட்டாதான் சார்..."

"அரக்குக் கலர எடுன்னேன். அவளுக்கு அதான் புடிக்கும்."

அம்மாவுக்கு அரக்கு பிடிக்கும் என்பதே கார்த்திகேசனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவர் ஆலப்பாக்கம் தாண்டும்வரை பேசவில்லை. துணிக்கடைப் பை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"வேற எதுனா சொன்னாரா?"

"என்னா மாமா?"

"ஆஸ்பத்திரியில. அநியாயம்னு சொன்னாருல்ல, அதுக்கப்பறம்."

கார்த்திகேசன் ஒரு லாரியை முந்தினான். முந்தியதில் கொஞ்சம் நேரம் கிடைத்தது. "மெஷினு நல்ல மெஷினுன்னாரு."

"அது எனக்கே தெரியும்."

புதுச்சத்திரம் வந்தது. உப்பு வாடை அடித்தது.

"எப்பிடிச் சொன்னாரு? நல்ல மெஷினுன்னு சும்மாவா, இல்ல அந்தத் தகட்டப் பத்தி எதுனாவா?"

"தகட்டப் பத்தியும் சொன்னாரு."

"அந்தச் சாய்வு வச்சேன் பாரு, அதுதான் மாப்ள சூட்சுமம். நேரா வச்சா எண்ணெ தேங்கிடும். அது அவுருக்கு மொத நாளே புரிஞ்சிச்சி. படிச்ச மனுசன்ல."

பி.முட்லூரில் டீக்கு நிறுத்தச் சொன்னார். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நெசமாவாடா?" என்றார் திடீரென்று. கார்த்திகேசன் தலையாட்டினான். பொய் ஒரு தடவை சொல்வதுதான் கஷ்டம், அப்புறம் அது பாட்டுக்கு மெயின் ரோட்டில் போகிறது என்று நினைத்துக்கொண்டான். கொளஞ்சியப்பன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "மாமாவுக்குக் காது கொஞ்சம் பெருசா இருக்கும்ல. தூங்கறப்ப செவப்பா இருக்கும்" என்றார். ஏன் சொன்னார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

சிதம்பரத்தில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி பேனரில் அப்பா கறுப்பு கவுனில் சிரித்தார். அவர் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் இரண்டு வரிக்கு ஓடியிருந்ததால் இறந்த தேதிக்கு இடம் போதாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. கரன்ட் கம்பத்தில் ஹாரன் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். கார்த்திகேசன் போகும்போது இதெல்லாம் இல்லை. எடுப்பதற்கு முன்னால் இரங்கல் கூட்டம் என்று கல்லூரியில் முடிவு செய்திருக்கிறார்கள்.

வாசலில் மைக்கைப் பிடித்து நின்றவர் பேராசிரியர் சுப்பராயலு. அப்பாவுக்கு அடுத்த நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்து, அப்பா ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தவர். நல்ல மனிதர். காலையிலிருந்து இரண்டு தடவை அழுதிருக்கிறார். இப்போது தேறி, சாரின் வகுப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"சாரோட முந்திரி கேஸ் லெக்சர கேக்காத மாணவன் இந்த ஊர்லயே கெடையாது!"

பந்தலில் இருந்த மாணவர்கள் முகத்தில் ஒரு மெல்லிய வெளிச்சம் வந்தது. இழவு வீட்டில் எவ்வளவு அனுமதியோ அவ்வளவு.

கார்த்திகேசனும் அந்த லெக்சரைக் கேட்டவன்தான். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டான். எல்லோரும் சிரித்த இடத்தில் சிரித்தான். பேராசிரியர் மகன் சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

"மாமா, நாம பின் பக்கமா உள்ள போயிடலாம்."

"இரு, மாமாவப் பத்தித்தான பேசறாரு. நம்ம மெஷினுதான அது" என்றார் கொளஞ்சியப்பன். செருப்பைக் கழற்றிவிட்டு, பையை மார்போடு பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"ஒரு பட்டறைக்காரர்" என்று ஹாரன் சொன்னது. "பள்ளிக்கூடத்த ஒழுங்கா தாண்டாதவர். அருமையான மெஷின் ஒண்ணு கண்டுபிடிச்சிட்டார். சார்கிட்ட வந்தார். சார் என்ன சொன்னார்? விண்ணப்பம் போடற வரைக்கும் வாயத் திறக்காதன்னார். அவர் கேட்டாரா? கேக்கல! ஊரெல்லாம் காட்டினார், பத்திரிகையில படத்தோட போட்டார். அவ்வளவுதான், எவனோ எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அப்பறம் அழுதுக்கிட்டே வந்து நின்னார். சார் இத சொல்லிட்டு, கண்ணாடியக் கழட்டித் துடைச்சிக்கிட்டே முடிப்பார் பாருங்க: மாணவர்களே, முட்டாள்தனத்துக்கு மட்டும் எவனும் காப்புரிமை கேக்கறதில்ல. அது எல்லாருக்கும் பொதுச் சொத்து!"

சிரிப்பு ஒன்று எழுந்து, இடம் உணர்ந்து, இருமலாக மாறியது.

கொளஞ்சியப்பன் ஹாரனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார்த்திகேசன் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"ஆஸ்பத்திரியில சொன்னது இதானா?"

வரும் வழியில் அவ்வளவு சரளமாக வந்த பொய் முட்லூரிலேயே இறங்கிவிட்டது.

"வருசா வருசம் இதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரா? பசங்ககிட்ட?"

"மாமா..."

"நீயும் அந்த கிளாஸ்ல இருந்தியா?"

கார்த்திகேசன் தரையைப் பார்த்தான். கொளஞ்சியப்பன் பையை அவன் கையில் திணித்தார். "இத அக்காகிட்ட குடுத்துடு."

"உங்க கையாலதான் மாமா போடணும். நீங்க போடாம எடுக்க மாட்டாங்க."

"கோடி போடாதவன்னும் சேத்துச் சொல்லிக்கட்டும். கேஸு இன்னும் நல்லாருக்கும்."

செருப்பைத் தேடினார். பந்தல் கால் ஓரம் ஐம்பது அறுபது செருப்பு குவிந்து கிடந்தது. வலது கால் செருப்பு கிடைத்தது. இடது கால் செருப்பைக் காணோம். கோபமாக வெளியேறுகிறவன் ஒற்றைச் செருப்போடு போக முடியாது. அவர் குனிந்து குவியலைக் கிளறினார். மாலையோடு வந்துகொண்டிருந்த யாரோ அவரைச் செருப்புக்கு டோக்கன் போடுகிறவர் என்று நினைத்துத் தன் ஷூவையும் கழற்றி அவர் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

உள்ளே கூடத்தில் ஏதோ சலசலப்பு. "எங்கம்மா போற, உக்காரும்மா" என்று பெண்களின் குரல்கள். அமிர்தம் எழுந்துவிட்டாள். ஹாரன் தெருவைப் பார்த்துத்தான் இருந்தது என்றாலும் கூடத்தில் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கும். பெண்கள் பிடித்த கைகளை விலக்கிக்கொண்டு நடந்து, நிலைப்படியைத் தாண்டி வாசலுக்கு வந்து நின்றாள். கழுத்தில் பூமாலையும் நெற்றியில் அப்பிய குங்குமமுமாகச் சாவு வீட்டுக்காரி வாசலுக்கு வரும் வழக்கம் கிடையாது. எல்லோரும் எழுந்தார்கள்.

அம்மா நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று சுப்பராயலு நினைத்தார். மைக் கம்பியை அவள் உயரத்துக்கு இறக்கி, கைகூப்பி ஒதுங்கி நின்றார்.

"சார்" என்றாள் அமிர்தம். மைக்கைப் பார்த்துப் பேசவில்லை, அவரைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் மைக் நடுவில் இருந்தது. "அந்தப் பட்டறைக்காரன் எந்தம்பி."

சுப்பராயலு கூப்பிய கையைப் பிரிக்க மறந்து நின்றார்.

"அவன் பத்திரிகையில போடல. போட்டது இவுரு. படத்த நாந்தான் ட்ரேஸ் எடுத்துக் குடுத்தேன். கட்டுரைக்கின்னுதான் கேட்டாரு. நல்லா வந்திருக்கு அமிர்தம்னாரு."

"அம்மா, துக்கத்துல நீங்க... சாரோட பேர் ஒண்ணு இருக்கு..."

"பேர நான் ஒண்ணும் பண்ணல சார். கேஸ சரியா சொல்லணும்ல. பசங்களுக்குப் பாடம் நடத்தறீங்க."

பந்தலில் யாரும் இருமக்கூட இல்லை. பேனரில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அய்யனார்தான் முதலில் சுதாரித்தார். "அமிர்தம், உள்ள போம்மா. ஊரு பாக்குது."

"பாக்கட்டும் மாமா." அவள் கண் செருப்புக் குவியல் பக்கம் போனது. "கொளஞ்சி. எங்க போற?"

கொளஞ்சியப்பன் கையில் ஒரு செருப்போடு நிமிர்ந்தார். நரைத்த தலையும் வெள்ளைச் சட்டையுமாக, கல் எறிந்து மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றார். செருப்பைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலுக்கு வந்தார். வந்தவர் அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் அக்காவைத் திட்டினார்.

"செத்த மனுசன உள்ள வச்சிக்கிட்டு என்னாக்கா பேச்சு இது? நாலு படிச்சவங்க வந்திருக்காங்க. இத இன்னிக்கிதான் சொல்லணுமா?"

"வேற என்னிக்கி சொல்றது? நீ வந்தாத்தான?"

அவர் நிலைப்படியைப் பார்த்தார்.

"கோடி எடுத்தாந்தியா?"

கார்த்திகேசன் பையை நீட்டினான். கொளஞ்சியப்பன் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். சேலையை உருவி, விலைச்சீட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்து, ஒரு முனையை உதறினார். வாசலிலேயே, நின்றபடியே, அக்காவின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். இதை உள்ளே உட்காரவைத்துச் செய்ய வேண்டும் என்று ஒரு பெண் குரல் சொன்னது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடி விழுந்துவிட்டது, இனிப் பாடையைக் கட்டலாம் என்று வெளியே ஆட்கள் மூங்கிலை எடுக்கப் போனார்கள்.

அய்யனார் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "கொளஞ்சி, மச்சான் மொறைக்கி அவுரு மேலயும் ஒரு வேட்டி போடணும்ப்பா. எடுத்தாந்திருக்கியா?"

"அவுருக்கு நான் முன்னாடியே குடுத்துட்டேன்" என்றார் கொளஞ்சியப்பன்.

சுப்பராயலு கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய், கடைசி வரிசையில் மாணவர்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மைக் கம்பி நின்ற இடத்திலேயே நின்றது. மைக்செட்காரன் டீ குடிக்கப் போயிருந்தான்.

அமிர்தம் தம்பியைப் பார்த்தாள். காது ஓரம் வெளுத்திருந்த முடியை, விரல் இடுக்கில் காய்ந்திருந்த சோப்புத் தூளைப் பார்த்தாள்.

"சாப்ட்டியாடா?"

கேள்வி கரன்ட் கம்பத்திலிருந்து தெருவுக்கு வந்தது. மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். தெருமுனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார்.

அக்காவின் தோளில் சேலை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கொளஞ்சியப்பன் அதன் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். புதுத் துணியின் சரசரப்பு ஹாரன் வழியாக வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.